சட்டைக் காலரைக் கடிக்கும் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? கடிப்பான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டைக் காலர், பனியன் கழுத்து, பென்சில் முனை, தண்ணீர் பாட்டிலின் மூடி, சில நேரம் சொந்தப் புறங்கை. ஆட்டிசம், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி., டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்தப் பட்டியல் புதிதல்ல. கடிக்கவென்றே செய்த பொருட்களைச் சூவி, சூ டியூப், சென்சரி நெக்லஸ் என்று ஆளுக்கொரு பெயரில் விற்கிறார்கள். இங்கே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கடிப்பான் என்று ஒரே பெயர்.

பல் முளைத்து முடிந்த பிறகும் ஏன் எதையாவது கடித்துக்கொண்டே இருக்கிறது பிள்ளை?

கடைவாயில் வைத்து அழுத்தும்போது தாடைத் தசைகளிலிருந்தும், காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டிலிருந்தும் மூளைக்கு அழுத்த உணர்வு போகிறது. பரபரத்துக்கொண்டிருக்கும் உடம்பு அதில் கொஞ்சம் அடங்கும். சோர்ந்து கிடக்கும் உடம்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும். யோசிக்கும்போது பேனா மூடியைக் கடிக்கும் பெரியவர்கள் செய்வதும் இதைத்தான். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் தேவை கூடுதல்.

ஆனால் எடுத்த எடுப்பில் ‘சென்சரி’, அதாவது உணர்வுத் தேவை, என்று முடிவுகட்டாதீர்கள். நேற்றுவரை கடிக்காத பிள்ளை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சொத்தைப் பல், வாய்ப்புண், 6 வயதை ஒட்டியும் 12 வயதை ஒட்டியும் வரும் புதிய கடைவாய்ப்பல், காது வலி, நெஞ்சுக்கு ஏறும் அமிலம் என்று எதுவும் காரணமாகலாம். பேசாத பிள்ளை வலியைச் சொல்லும் மொழியே கடிப்பதாக இருக்கக்கூடும். பல் மருத்துவரையும் குழந்தைகள் மருத்துவரையும் பார்த்த பிறகு கடிப்பானைப் பற்றி யோசித்தால் போதும்.

கடிப்பதோடு நிற்காமல் விழுங்கவும் செய்கிறதே?

அது வேறு விஷயம். மண், சாக்பீஸ், காகிதம், சுவர் பெயின்ட் செதில், நூல் போன்றவற்றைத் தின்பதை மருத்துவத்தில் பைகா என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவோடு இது அடிக்கடி சேர்ந்து வருவதால் ரத்தப் பரிசோதனை தேவை. பழைய பெயின்டைத் தின்னும் பிள்ளைக்கு ரத்தத்தில் ஈய அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விழுங்கும் பழக்கமுள்ள பிள்ளைக்குக் கடிப்பான் கொடுத்தால் கடித்துப் பிய்த்த துண்டும் வயிற்றுக்குத்தான் போகும். மருத்துவரும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பார்க்காமல் கொடுக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும்?

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் நான்கே தகவல்: நேரம், என்ன நடந்துகொண்டிருந்தது, எதைக் கடித்தது, எந்தப் பல்லால் கடித்தது. ‘திங்கள் 10.40, கணக்கு, பென்சில், இடது கடைவாய், மரம் பிளந்துவிட்டது’ என்ற ஒற்றை வரி, பத்து நிமிட விளக்கத்தை விட தெரபிஸ்டுக்குப் பயன்படும். ஏழு நாள் முடிந்ததும் திருப்பிப் பார்த்தால் ஏதாவது தட்டுப்படும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் மட்டும் கடிக்கிறது என்றால் பசி. சத்தமான இடங்களில் மட்டும் என்றால் சத்தம். அதற்குக் கடிப்பானை விடக் காதை மூடும் ஹெட்போன் உதவலாம்.

கடித்த துணியும் பேசும். காலர் நனைந்து சுருங்கி மட்டும் இருந்தால் பிள்ளை உறிஞ்சுகிறது, அழுத்திக் கடிக்கவில்லை. ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை இருந்தால் முன்பல் வேலை. துணியே அரைந்து, நூல் நூலாகப் பிரிந்து, அகலமாகத் தேய்ந்திருந்தால் கடைவாயில் வைத்து அரைக்கிறது.

எந்த வடிவம்? எவ்வளவு கெட்டி?

வடிவத்தைத் தீர்மானிப்பது பிள்ளை கடிக்கும் இடம். டைனோசரா, ரோபோவா என்பதெல்லாம் அப்புறம். வாங்கியது வீணாகப் போவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான்.

முன்பல்லால் கடிக்கும் பிள்ளைக்கு மெல்லிய ஓரமுள்ள தட்டையான டாலர் போதும். கடைவாயில் கடிக்கும் பிள்ளைக்கு அந்த டாலர் பின்பல் வரை எட்டாது. எட்டவைக்க முயன்று முழு டாலரையும் வாய்க்குள் திணித்துக்கொள்ளும். அதற்குக் குழாய், குச்சி, ஒய் அல்லது டி எழுத்து வடிவத்தில் கைப்பிடியோடு வருவதை வாங்குங்கள். வாய்க்குள் போகும் பகுதி பின்பல்லை எட்டும் நீளம் இருக்க வேண்டும். ஆனால் கைப்பிடி உதட்டில் தடுத்து நிற்க வேண்டும், அதற்கு மேல் உள்ளே போகக்கூடாது. உறிஞ்சும் பிள்ளைக்கு மென்மையான, மேடுபள்ளமான பரப்பு பிடிக்கும். சிலருக்கு மேடுபள்ளமே ஆகாது, வழவழப்பானதைத்தான் தொடுவார்கள். துணியைத் தவிர வேறெதையும் வாயில் வைக்காத பிள்ளைக்குத் துணியால் செய்த கைப்பட்டையிலிருந்து தொடங்கலாம்.

கெட்டி விஷயத்தில் கடைக்காரர்களின் மென்மை, நடுத்தரம், கடினம் என்ற பிரிவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றின் ‘கடினம்’ இன்னொன்றின் ‘நடுத்தரம்’. பெட்டியில் ஷோர் ஏ என்று எண் போட்டிருந்தால் அதை நம்பலாம். ரப்பர் வகைப் பொருட்களின் கெட்டியை 0 முதல் 100 வரை அளக்கும் அளவு அது. கார் டயரின் ரப்பர் 60, 70 வாக்கில் வரும். எண் இல்லையென்றால் பிள்ளை இதுவரை நாசம் செய்ததை வைத்து ஊகியுங்கள். துணியை நனைப்பதோடு நின்றால் மென்மை. ஓட்டை போட்டால் நடுத்தரம். பென்சிலைப் பிளந்து, பாட்டில் மூடியை நசுக்கினால் கடினம்.

கெட்டியானதே அதிக நாள் வரும் என்று நேராக அதற்குப் போவது தவறு. தேவைக்கு மேல் கெட்டியாக இருந்தால் தாடை வலிக்கும், பிள்ளை தூக்கிப் போட்டுவிட்டுச் சட்டைக்கே திரும்பும். ரொம்ப மென்மையானதைப் பலசாலித் தாடைக்குக் கொடுத்தால் ஒரே நாளில் துண்டாகும். தாடை மூட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் கடைவாயின் கடி முன்பல்லின் கடியை விடப் பல மடங்கு பலமானது. ஆகவே கடைவாய்க்காரர்களுக்கு ஒரு படி கூட்டியே வாங்குங்கள்.

எந்தப் பொருளால் செய்தது நல்லது?

உணவுத் தரச் சிலிகோன், அல்லது ரப்பர் போல வளையும் பிளாஸ்டிக்கான மருத்துவத் தர டி.பி.இ. இரண்டில் எதுவானாலும் சரி. பி.வி.சி. வேண்டாம், அதை வளையவைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் வாயில் வைக்கும் பொருளுக்கு ஆகாதவை. ‘பி.பி.ஏ. இல்லை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பி.பி.ஏ. சில கெட்டிப் பிளாஸ்டிக்குகளைச் செய்யச் சேர்க்கும் ரசாயனம், சிலிகோன் செய்ய அது தேவையே இல்லை. தாலேட், ஈயம், காட்மியம், லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) ஆகியவை இல்லையென்று எழுதியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிறவியிலேயே முதுகெலும்பு முழுதாக மூடாத ஸ்பைனா பிஃபிடா உள்ள பிள்ளைகளுக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை மிக அதிகம் என்பதால் அவர்கள் விஷயத்தில் இந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும்.

மரமணி, ஆம்பர் (கெட்டிப்பட்ட மரப்பிசின்) மணி, பெயின்ட் பூசியது, உள்ளே ஜெல் நிரப்பியது எதுவும் வேண்டாம்.

கழுத்தில் போடும் செயின் பாதுகாப்பானதா?

எல்லாப் பிள்ளைக்கும் அல்ல. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. பல் முளைக்கும்போது போடும் நெக்லஸ், பிரேஸ்லெட்டுகள் குறித்து எச்சரித்தது. சிறப்புத் தேவையுள்ள பெரிய பிள்ளைகள் உணர்வுத் தூண்டலுக்காகப் போடும் நகைகளையும் அந்த எச்சரிக்கை சேர்த்தே சொன்னது. தூக்கத்தில் ஆம்பர் நெக்லஸ் கழுத்தை இறுக்கி 18 மாதக் குழந்தை இறந்ததும், மர பிரேஸ்லெட்டின் மணி தொண்டையில் சிக்கி 7 மாதக் குழந்தைக்கு மூச்சடைத்ததும் அதற்குப் பின்னணி.

3 வயதுக்குள், தூக்கத்தில், கார் சீட்டில், ஊஞ்சல் சறுக்குமரத்தில், வலிப்பு வரும் பிள்ளைக்கு: கழுத்துக் கயிறு கூடவே கூடாது. மற்றவர்களுக்கும் இழுத்தால் கழன்றுவிடும் கொக்கி கட்டாயம். வாங்கியதும் அதைச் சோதியுங்கள். செயினைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி இரண்டு விரலால் இழுங்கள். லேசாக இழுத்ததுமே கழல வேண்டும். முழுக் கையால் இழுக்க வேண்டியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். ‘அடிக்கடி கழல்கிறது’ என்று கயிற்றை முடிச்சுப் போட்டுவிடுவது வீடுகளில் சகஜமாக நடக்கிறது. அந்த முடிச்சு கொக்கியின் பாதுகாப்பை அப்படியே அழித்துவிடும். காந்தக் கொக்கி வேண்டாம்: இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடல் சுவரை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டை போடும்.

செயினுக்கு மாற்று, கைப்பட்டை அல்லது சட்டையில் மாட்டும் கிளிப். கிளிப்பின் பட்டை 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. அதற்கு நீண்டால் கழுத்தைச் சுற்ற வாய்ப்பு உண்டு.

அளவுக்கும் ஒரு விதி உண்டு. பொம்மைகளைச் சோதிக்கும் சிறு உருளையின் விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் பாகம் 3 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மையில் இருக்கக்கூடாது. எதையும் வாயில் போடும் பிள்ளைக்கு வயது பத்தானாலும் இதே அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்தால் தொடவே மாட்டேன் என்கிறது. எப்படிப் பழக்குவது?

கழுவிவிட்டு முதலில் கையில் கொடுங்கள், வாயில் வைக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் உருட்டட்டும், முகரட்டும். நீங்களும் ஒன்றை வைத்துக்கொண்டு கடித்துக் காட்டுங்கள். உங்களுடையது தனி, பிள்ளையினுடையது தனி. பிறகு நோட்டில் கண்ட நேரங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் கையில் கொடுங்கள். காலர் வாய்க்குள் போன பிறகு கொடுத்தால் தாமதம். கடித்துக்கொண்டிருப்பதைப் பாதியில் விட யாருக்கும் மனம் வராது. அப்படிக் காலர் வாய்க்குள் போய்விட்டால் பிடுங்காமல், திட்டாமல், ‘இதைக் கடி’ என்று காட்டுங்கள். ‘சட்டையைக் கடிக்காதே’ என்றால் எதைக் கடிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கும். பேசாத பிள்ளைக்குக் கடிப்பானின் படம் போட்ட அட்டை ஒன்று செய்து, கேட்கக் கற்றுக்கொடுக்கலாம்.

வெறும் சிலிகோன் பிடிக்கவில்லையென்றால் ஃப்ரிட்ஜில் பத்து நிமிடம் வைத்துக் கொடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உதடு ஒட்டும். இரண்டு, மூன்று வாரம் விடாமல் முயன்றும் தொடவில்லையென்றால் வடிவமோ கெட்டியோ தவறு. பிள்ளையைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பரிசாகவோ தண்டனையாகவோ பயன்படுத்தாதீர்கள். ‘சேட்டை செய்தாய், கடிப்பான் கிடையாது’ என்றால் அதிகம் தேவைப்படும் நேரத்தில் பிடுங்கியதாகிவிடும்.

தினமும் எப்படிக் கழுவுவது?

வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். மேடுபள்ளங்களில் எச்சில் காய்ந்து வெள்ளையாகப் படியும், பிரஷ் இல்லாமல் போகாது. வாசனை சோப்பு வேண்டாம். சிலிகோன் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிள்ளை அப்புறம் முகத்தைத் திருப்பும். முழுச் சிலிகோன் துண்டை வாரம் ஒருமுறை 3 முதல் 5 நிமிடம் கொதிக்க வைக்கலாம். டி.பி.இ. என்றால் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள், சிலது சூட்டில் உருமாறும். அதிர்வு மோட்டார் உள்ளதைக் கொதிக்க வைக்கக்கூடாது. முனையைக் கழற்றிக் கழுவுங்கள். அதன் பேட்டரி மூடி திருகாணி போட்டதாக இருக்க வேண்டும். பிளீச் வேண்டாம்.

எல்லோரும் மறப்பது கயிறு. துணிக்கயிறு நாள் முழுக்க எச்சிலில் ஊறி நாற்றமடிக்கும். தினம் துவைத்து முழுக்கக் காயவிடுங்கள். இரண்டு கயிறு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம்.

எப்போது தூக்கிப் போட வேண்டும்?

தேதி பார்த்தல்ல, கீறல் பார்த்து. ஒவ்வொரு முறையும் கையில் கொடுப்பதற்கு முன் இரண்டு கட்டைவிரலாலும் வளைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பல் பதிந்த குழி மட்டும் இருந்தால் பரவாயில்லை. வளைக்கும்போது திறந்து, விட்டதும் மூடிக்கொள்ளும் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அன்றே குப்பைக்கு. சிலிகோன் நன்றாக இழுபடும், ஆனால் ஒரு வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து சரசரவென்று கிழியும். கீறல் பட்ட பக்கத்தை வெட்டிவிட்டு மீதியைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது, கத்தரி பட்ட இடமே புதிய கீறல். டி.பி.இ. பிசுபிசுவென்று ஆனாலும் அதன் காலம் முடிந்தது.

மூன்றே நாளில் கடித்துத் துண்டாக்கினால் அதே மாதிரியை மறுபடி வாங்காதீர்கள். ஒரு படி கெட்டியானதற்கோ, பருமனானதற்கோ மாறுங்கள். அதையும் பிய்த்தால் கடிப்பான் மட்டும் போதாது என்று பொருள். பாரம் தூக்குவது, தள்ளுவது, குதிப்பது, கெட்டியான பானத்தை மெல்லிய ஸ்டிராவில் உறிஞ்சுவது என்று உடம்புக்கு வேறு வேலைகளையும் சேர்த்துத் திட்டமிட ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உதவுவார்.

பல்லுக்குக் கேடு வராதா?

சரியான கெட்டியில், இடையிடையே கடித்தால் பெரிய கவலை இல்லை. பென்சில், சாவி, உலோக ஜிப்பை விட எவ்வளவோ மேல். நாள் முழுக்க ஒரே பக்கமாக, முன்பல்லிலேயே வைத்துக்கொண்டிருந்தால் பல் வரிசை நகரலாம். பால்பல் ஆடும் வயதில் ஒரு படி மென்மையாக்குங்கள். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் மாத்திரை சாப்பிடும் பிள்ளைகளுக்கு ஈறு தடித்து வளரக்கூடும், லேசாகப் பட்டாலே ரத்தம் வரும். பல் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதற்குக் கடிப்பான் மருந்தல்ல. தூங்கும்போது வாயில் எதுவும் இருக்கக்கூடாது.

பள்ளிக்குக் கொடுத்து அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆசிரியரிடம் முன்பே பேசிவிட்டு. பள்ளிக்கென்று தனியாக ஒன்று, பெயர் எழுதிய காற்றோட்டமுள்ள டப்பா, ஒரு சின்னத் துண்டு. மூடிய பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு போட்டால் சாயங்காலத்துக்குள் வழவழக்கும். ஆசிரியருக்குக் கொடுக்கும் குறிப்பில் மூன்று வரி போதும்: இது விளையாட்டுச் சாமானல்ல, வேறு பிள்ளை வாயில் வைக்கக்கூடாது, கிழிந்தால் வாங்கி வைத்துவிடுங்கள்.

பென்சிலில் மாட்டும் கடிப்பான் வகுப்பில் கண்ணை உறுத்தாது, அதனாலேயே பலருக்குப் பிடிக்கும். ஆனால் கடைவாயில் கடிக்கும் பிள்ளைக்கு அது சரிவராது. பென்சிலை வாய்க்குள் ஆழமாகச் செலுத்தும், ஓடும்போதும் அப்படியே வைத்திருக்கும். மாட்டிய பிறகு முறுக்கி இழுத்துப் பாருங்கள். எளிதாகக் கழன்றால் பயன்படுத்தாதீர்கள்.

கைக்குழந்தைக்குக் கொடுக்கும் டீத்தர், ரப்பர் குழாய், நாய்க்கான பொம்மை இவற்றை வைத்துச் சமாளிக்கலாமா?

டீத்தர் ஈறுக்காகச் செய்தது. கடைவாய்ப்பல் அதைக் குத்திக் கிழிக்கும். தண்ணீர்க் குழாய், மீன்தொட்டிக் குழாயெல்லாம் பெரும்பாலும் பி.வி.சி., நீளவாக்கில் பிளக்கும். நாய் பொம்மைக்குக் குழந்தைகள் பொம்மைக்கான சோதனைகள் கிடையாது. அவசரத்துக்குச் சுத்தமான ஈரத் துணியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொடுக்கலாம், அது கூட நூல் பிரியும்வரைதான்.

இதைக் கடித்தால் சாப்பாட்டை மெல்லவும் தெளிவாகப் பேசவும் வருமா?

பேச்சு வராது. தாடை, நாக்குப் பயிற்சியால் மட்டும் பேச்சு தெளிவாகும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அப்படி விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். மெல்லக் கற்பிக்க ஸ்பீச் தெரபிஸ்ட் குழாய் வகையைப் பயன்படுத்துவது உண்டு. நிமிர்ந்து உட்காரவைத்து, குழாயைப் பக்கவாட்டில் கடைவாய்ப்பல்லின் மேல் வைத்து, ஒவ்வொரு பக்கமும் சில கடிகள், சோர்வதற்கு முன் நிறுத்துவது. நடுவில் நாக்கின் மேல் வைத்தால் குமட்டும். ஆனால் குழாய் வாயில் உடைவதும் இல்லை, கரைவதும் இல்லை. உணவை நாக்கால் ஒதுக்கி, திரட்டி, விழுங்கும் வேலையைக் குழாயில் கற்க முடியாது. அதற்கு உணவேதான் வேண்டும்.

பெருமூளை வாதம், விழுங்குவதில் சிரமம், வலிப்பு உள்ள பிள்ளைக்கு?

கடித்தால் எச்சில் பெருகும். விழுங்கத் தெரியாத பிள்ளைக்கு அந்த எச்சிலே மூச்சுக்குழாய்க்குப் போகலாம். கடிக்கும்போது இருமல், தொண்டையில் களகளவென்ற ஈரச் சத்தம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பெருமூளை வாதத்தில் சில பிள்ளைகளின் தாடை எதையாவது கடித்ததும் தானாக இறுகி, திறக்க முடியாமல் நிற்கும். அப்போது இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும், பல்லும் போகலாம். தலையையும் முதுகையும் தாங்கிக்கொண்டு தளரும்வரை பொறுங்கள். வலிப்பு வரும்போது பல்லுக்கு நடுவில் எதையும் வைக்கக்கூடாது, கடிப்பானையும்தான்.

கையையே கடித்துக்கொள்கிறது, பக்கத்துப் பிள்ளையையும் கடிக்கிறது. இது உதவுமா?

பாதி நேரம். தாடைக்கு வேலை வேண்டும் என்று கடித்தால் உதவும். ‘போதும், விடு’ என்று சொல்லத் தெரியாமல் கடித்தால் உதவாது. அதைச் சொல்ல ஒரு வழி கற்றுக்கொடுப்பதுதான் வேலை. கடிப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று நோட்டைப் பாருங்கள். கை தோல் கிழிந்தாலோ, காயம் ஆறவிடாமல் கடித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வாயைச் சுற்றித் தோல் சிவக்கிறது.

எச்சில் ஈரம்தான். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மெல்லிய வாசலைன் பூச்சு. கடிப்பான் படும் இடத்தில் மட்டும் தடித்தால் ஒவ்வாமையாக இருக்கலாம், பொருளை மாற்றிப் பாருங்கள்.

எத்தனை வயதில் நிறுத்துவது?

வயது வரம்பு இல்லை. தேவை குறைந்தால் பிள்ளையே எங்காவது வைத்து மறந்துபோகும். வளர்ந்த பிள்ளை கார்ட்டூன் டாலரைக் கண்டு கூச்சப்பட்டால் சாதாரணச் செயின் போலத் தெரியும் ஒற்றை நிற வடிவங்கள் இருக்கின்றன. விழுங்காமல் மென்று துப்பத் தெரிந்தவருக்குச் சர்க்கரையில்லாத சூயிங்கமும் ஒரு வழி. அதில் சைலிடால் இருந்தால் வீட்டு நாய்க்கு எட்டாமல் வையுங்கள், நாய்க்கு அது விஷம்.

துண்டைக் கடித்து விழுங்கிவிட்டது. என்ன செய்வது?

இருமுகிறது, பேச முடிகிறது, அழ முடிகிறது என்றால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, நீலம் பாய்கிறது என்றால்: ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையைக் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே, விலா எலும்புக்குக் கீழே உள்நோக்கி மேலாக 5 அழுத்தம், மாறி மாறி. ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். நினைவிழந்தால் தரையில் படுக்கவைத்து, நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதும் சி.பி.ஆர். முதலுதவியைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் துழாவாதீர்கள், உள்ளே தள்ளிவிடும்.

மூச்சுக்கு ஒன்றுமில்லை, வயிற்றுக்குத்தான் போனது என்றால் சின்னச் சிலிகோன் துண்டு பெரும்பாலும் தானே வெளியேறும். இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வாந்தி, வயிற்று வலி, எச்சில் விழுங்காமல் ஒழுகவிடுவது, சாப்பிட மறுப்பது, நெஞ்சைப் பிடிப்பது இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே ஆஸ்பத்திரி. கொக்கியோ, காந்தமோ, பேட்டரியோ போயிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். உடைந்த மீதித் துண்டையும், இருந்தால் அதன் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். உள்ளே போனது எவ்வளவு பெரியது என்பதை மருத்துவர் அதை வைத்துத்தான் கணிப்பார்.